வானவரும் சம்மனசும் குறத்தியும்

பழனி மலைத்தொடரின் கீழ்மலைப் பகுதியில், காப்பியும் மிளகும் விளையும் சரிவுகளுக்கிடையே அமைந்த ஊர் தாண்டிக்குடி. அங்கே முருகன் கோயில் கொண்டுள்ளான். அவன் அவ்விடத்தினின்று பழனிக்குத் தாண்டிக் குதித்தமையால் ஊர் இப்பெயர் பெற்றதென்பது மக்கள் வழங்கும் கதை. பெயர்க்காரணம் என்ற அளவில் இக்கதையை நாம் வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் அதனுள் அமைந்த ஒரு கருத்து ஈண்டு நமக்குப் பயன்படும். இறைவன் ஒரு குன்றினின்று மற்றொரு குன்றிற்குத் தானே செல்கின்றான். இடையே தூதுவர் எவரும் இலர்.

பழனியெனக் கொள்ளப்படும் திருவாவினன்குடியைப் பாடும் திருமுருகாற்றுப்படையிலும் இந்நிலையே காண்கின்றோம். வழிகாட்டுபவன் மானிடப் புலவன். இறுதியில் அஞ்ச வேண்டா எனத் தேற்றுபவனோ முருகனே ஆவன். லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்திலும் 'அஞ்சற்க' என்பதே முதற்சொல். ஆனால் அதனை இரவில் கிடை காத்திருந்த ஆயர்க்குக் கூறுபவன் இறைவன் அல்லன். அவனால் விடுக்கப்பட்ட ஒருவன். அவ்வொருவனைத் தமிழ் எப்பெயரால் அழைத்தது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி.

மூலமொழியில் அவன் பெயர் வெறும் தொழிற்பெயரே. 'அங்கெலொஸ்' என்னும் கிரேக்கச் சொல்லும், அதற்கு முந்திய 'மலாக்' என்னும் எபிரேயச் சொல்லும் தூதன் என்னும் பொருளையே தருவன. சிறகும் ஒளியும் அச்சொற்களில் இல்லை. நற்செய்தியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் இவ்வேரினின்றே பிறந்தது. ஆகவே செய்தியும் அதனைக் கொணர்வோனும் அம்மொழியில் ஒரே குடும்பத்தினர். தமிழிலும் இதற்கு ஒப்புமை உண்டு. தூது என்னும் சொல் செய்தியையும் சுட்டும், செல்வோனையும் சுட்டும், பிற்காலத்தில் ஓர் இலக்கிய வகைக்கே பெயராயிற்று. தொல்காப்பியர் ஓதல், பகை என்பவற்றோடு தூதினையும் பிரிவிற்குக் காரணமாக்கினார். வள்ளுவர் அதற்கெனவே ஓர் அதிகாரம் வகுத்தார். இவ்வளவு பொருத்தமான சொல் கையிலிருந்தும் தமிழ்க் கிறித்தவர் அனைவரும் அதனை உடனே எடுத்துக்கொள்ளவில்லை என்பது வியப்பிற்குரியது.

கோடைக்கானலில் 1845 முதல் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தோர் குடியேறினர். அருகிலுள்ள செண்பகனூரில் இயேசு சபையார் 1895இல் திருஇருதயக் கல்லூரியை நிறுவினர். மலை ஒன்றே, விழாவும் ஒன்றே. ஆயின் டிசம்பர் 25ஆம் நாள் ஆயர்முன் தோன்றியவனுக்கு இரு சாராரும் வழங்கிய பெயர்கள் வேறு. சீர்திருத்தத் திருச்சபையார்க்கு அவன் தேவதூதன். 1871இல் நிறைவுற்ற போவர் குழுவினரின் மொழிபெயர்ப்பு அச்சொல்லைத் தமிழ்நாடெங்கும் நிலைநாட்டியது. கத்தோலிக்கர்க்கு அவன் சம்மனசு.

சம்மனசு என்பதில் 'சம்', 'மனசு' என்னும் வடசொற்கூறுகள் வெளிப்படை. நல்லுள்ளம் உடையோன் என்னும் குறிப்பு அதில் உண்டு. தூது என்னும் குறிப்பு அறவே இல்லை. இஃது ஒரு குறை எனச் சொல்லிவிடலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. வானவர், விண்ணவர், அமரர், இமையவர் எனத் தமிழில் முன்னரே வழங்கிய பெயர்களெல்லாம் வேள்வி அவி பெறும் தேவர்க்கு உரியனவாய் இருந்தன. அவற்றுள் ஒன்றை எடுப்பின் வழிபடத்தக்க தேவர் பலர் உளர் என்ற மயக்கம் நேரும். அரசர்தம் தூதுவரோ கோட்டை வாயிலில் நிற்பவர். குழந்தையின் தலைமாட்டில் நிற்பவர் அல்லர். காவற் சம்மனசு என்று தாய்மார் சொல்லிக் கொடுத்தபோது அச்சொல் குறித்தது அன்போடு உடனிருக்கும் துணையை. சம்மனசு எனப் பெண்மக்கட்குப் பெயரிடும் அளவிற்கு அது குடும்பச் சொல்லாயிற்று. தேவதூதன் என்பது அவ்வாறு ஆள்பெயராக ஊன்றவில்லை.

வீரமாமுனிவர் (1680–1747) இம்மயக்கத்திற்கு அஞ்சவில்லை. 1726இல் இயற்றிய தேம்பாவணியில் வானவர் என்னும் பழஞ்சொல்லையே தயங்காது ஆண்டார். 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியத்திற்குச் சம்மனசு என்னும் பேச்சுச்சொல் பொருந்தாதென அவர் கருதியிருக்கலாம். சீறாப்புராணத்தில் உமறுப் புலவரும் மலக்குகளை வானவர் என்றே சுட்டுதல் ஒப்பிட்டுக் காணத்தக்கது. இரு சமயப் புலவரும் காப்பிய மரபின் ஆற்றலை நம்பினர். சொல்லின் பழைய பொருளைக் கதையின் போக்கே மாற்றிவிடும் எனத் துணிந்தனர்.

தேம்பாவணியில் அது நிகழ்ந்தே விடுகின்றது. வானவர் என்பது உறைவிடம் பற்றிய பெயர், தொழில் பற்றியதன்று. சொல் கூறாத தொழிலைப் படலம் கூறுகின்றது. கன்னி மரியாள் கருவுற்றமை அறிந்து வளன் கலங்குவது ஐயந்தோற்று படலம். வானவன் உரையால் அவன் தெளிவது ஐயநீங்கு படலம். மத்தேயு சில வரிகளில் முடித்ததை முனிவர் இரு படலங்களாக விரித்தமை கருதத்தக்கது. நள்ளிரவில் தனித்து உழலும் ஒருவனது நெஞ்சிற்கு ஆறுதல் வருவதே அங்குத் தூதின் பயன். ஆயர்க்கு அறிவிக்கப்பட்ட பெருமகிழ்ச்சியினும் இத்தனிமனிதன் பெற்ற தேற்றமே உள்ளத்தில் நிற்கின்றது என்பது எம் கருத்து.

இனித் தமிழ்த் தூது மரபின் திசையை நோக்குவோம். அன்னமும் மயிலும் கிளியும் முகிலும் நெஞ்சும் தென்றலும் எனப் பத்துப் பொருள்களைத் தூது விடுப்பது மரபு. விடுப்பவள் வருந்தும் தலைவி. பெறுபவன் தலைவன் அல்லது இறைவன். செய்தி கீழிருந்து மேல் செல்கின்றது. கிறித்து பிறப்பின் தூதோ மேலிருந்து கீழ் வருவது. வருந்துவோர் விடுப்பதன்று, பெறுவது. இத்திசை மாற்றத்திற்குத் தூது இலக்கியம் இடந்தராது. எனவே வேறோர் இலக்கிய வகையை நாட வேண்டியிருந்தது.

அதனைக் கண்டவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்சு ஐயரிடம் பயின்ற இவர் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். அதில் தேவமோகினி தலைவி. பெத்லகேம் நாதர் தலைவர். அவள் கலக்கத்தைத் தீர்த்து, அவர் வருவார் என உறுதி கூறுபவள் மலையினின்று இறங்கிவரும் குறத்தி. விசுவாசமே அவ்வுருக் கொண்டு வருகின்றது. வானவன் செய்ய வேண்டிய பணியைக் கூடை சுமந்த மலைமகள் செய்கின்றாள்.

இது புதுமை போலத் தோன்றினும் வேர் மிகப் பழையது. குறுந்தொகை 23ஆம் பாட்டில் ஔவையார், கட்டுக் காணும் அகவன் மகளை நோக்கித் தோழி பேசுவதாக அமைத்தார். அம்மகள் பாடிய பாட்டில் தலைவனது குன்றம் இடம்பெற்றது. அதனையே மீண்டும் பாடுமாறு தோழி வேண்டுகின்றாள். தலைவியின் நோய்க்கு மருந்து குன்றத்தின் பெயரைக் கேட்டலே. குறவஞ்சிகளில் குறத்தி தன் மலைவளம் கூறியபின் குறி கூறுதல் இம்மரபின் தொடர்ச்சி என்று துணியலாம். சாஸ்திரியார் மலைமகளைத் தேர்ந்தது அணிக்காக மட்டும் அன்று. தமிழ்ச் செவிக்கு நற்செய்தி வழிவழியாக வந்த திசை மலையே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஒரு தடையும் எழலாம். காப்பியக் குறத்தி புலவர் படைத்த உருவமே. பழனி மலையில் வாழும் பளியரும் புலையரும் குன்னுவரும் அவளிற் காணப்படுவாரல்லர் என்பர். அத்தடை நேரியதே. அரசவையில் ஆடிய குறவஞ்சியில் மலைவாழ்நர் துன்பம் பேசப்படவில்லை. எனினும் லூக்காவின் ஆயர் செய்தியைப் பெறுவோராக மட்டும் முதலில் நிற்க, சாஸ்திரியாரின் குறத்தியோ அதனைத் தருபவளாகவே வருகின்றாள் என்னும் வேறுபாடு எஞ்சுகின்றது.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு வானதூதர் என்னும் சொல்லை ஆண்டது. உறைவிடமும் தொழிலும் ஒருங்கே அமைந்த நல்ல ஆக்கம் அது. இரு சபையார் பிரிவையும் ஓரளவு இணைக்கின்றது. ஆனால் அதன் வரவால் சம்மனசு பழைய செபங்களுக்கும் முதியோர் பெயர்களுக்குமாகச் சுருங்கி வருகின்றது. செண்பகனூரில் தொகுக்கப்பெற்ற மதுரை மிஷன் ஏடுகளிலும், மலையூர்ப் பெண்டிர் வாய்மொழிச் செபங்களிலும் அச்சொல்லின் ஆட்சியைத் தொகுத்தல் முதுகலை மாணவர் எவரேனும் விரைந்து மேற்கொள்ளத்தக்கது. வாய்மொழி ஏடுகளைப் போலக் காத்திராது.