நகரவே இல்லைன்னு தோணுதா? ஜவ்வாது மலை சொல்லித்தரும் 3 சின்னப் பழக்கங்கள்!

ஜனவரியில் ஆரம்பித்த டைரி, ஜிம், புது மொழி... எதுவும் பிப்ரவரியைத் தாண்டலையா? 'என்ன செஞ்சாலும் அப்படியேதான் இருக்கேன்'னு தோணுதா? அப்போ உங்களுக்குத்தான் இந்தக் காவலூர் கதை.

ஜவ்வாது மலையில், ஆலங்காயம் பக்கத்தில் இருக்கும் ஊர் காவலூர். வைணு பாப்பு வானாய்வகம் இருப்பது அங்கேதான். 1988 பிப்ரவரி 17-ம் தேதி, வானியலாளர் ஆர்.ராஜமோகன் அங்கிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். கணித மேதையின் நினைவாக அதற்கு 'ராமானுஜன்' என்று பெயர். அதற்கு முன், 1885-ல் சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்து நார்மன் போக்சன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்திருந்தார். நடுவில் நூறு வருடத்துக்கும் மேல் இடைவெளி!

குறுங்கோளை எப்படித் தேடுவார்கள் தெரியுமா? ஒரே ஒரு படத்தில் பார்த்தால், அதுவும் ஒரு நட்சத்திரம் மாதிரிதான் இருக்கும். அதனால் வானத்தின் அதே பகுதியைக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி படமெடுத்து, இரண்டையும் ஒப்பிடுவார்கள். நட்சத்திரங்கள் அப்படியே இருக்க, ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருக்கும். அதுதான் குறுங்கோள்!

நம்ம வளர்ச்சியும் இப்படித்தாங்க. இன்றைக்கு ஒருநாளை மட்டும் பார்த்தால் எதுவும் நகர்ந்த மாதிரி தெரியாது. அடுத்தவங்க ஸ்டேட்டஸோட ஒப்பிட்டால் சுத்தமாகத் தெரியாது. அது வேற வானம்!

1. தினமும் ஒரு வரி

தூங்கப்போகும் முன் ஒரே கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதுங்க: 'இன்னிக்கு நானா முடிவு பண்ணிச் செஞ்சது என்ன?' ஞாயிற்றுக்கிழமை ஏழு வரிகளையும் சேர்த்துப் படிங்க. நாலு வாரமும் 'நேரமே இல்ல'ன்னு மட்டும் இருந்தால், உங்களைத் திட்டிக்காதீங்க. வேலை நேரத்தையோ, வீட்டு வேலைகளைப் பிரித்துக்கொள்வதையோ பற்றிப் பேசவேண்டிய நேரம் அது.

2. இருட்டுக்குப் பழகுங்க

இருட்டில் மங்கலான நட்சத்திரங்கள் கண்ணுக்குத் தெரிய 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் போன் வெளிச்சத்தைப் பார்த்தால் மறுபடி காத்திருக்கணும். படிப்பு, வாசிப்பு எல்லாமே அப்படித்தான். முதல் 20 நிமிடம் போர் அடிக்கும். அதுவரை போன் பக்கத்து ரூமில் இருக்கட்டும்.

3. மேகம் வந்தால் பரவாயில்லை

மழைக்காலத்தில் காவலூரிலும் வானம் மூடிக்கொள்ளும். அடுத்த தெளிவான இரவில் வேலை தொடரும், அவ்வளவுதான். நீங்களும் மூணு நாள் விட்டுட்டா, நாலாவது நாள் அன்றைய ஒரு வரியை மட்டும் எழுதுங்க. விட்டதையெல்லாம் சேர்த்து எழுத உட்காராதீங்க. திங்கட்கிழமை வரட்டும்னு காத்திருக்கவும் வேணாம்.

காவலூரும் ஒரே நாளில் பெரிதாகிவிடவில்லை. 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு ஆரம்பித்தார்கள். 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 2.34 மீட்டர் தொலைநோக்கி செயல்படத் தொடங்கியது 1986-ல். அதற்காக உழைத்த வைணு பாப்பு, அதைப் பார்க்காமலேயே 1982-ல் காலமானார். இன்று அந்த ஆய்வகமே அவர் பெயரில் இருக்கிறது.

உங்க முதல் வரியும் சின்னதாகவே இருக்கட்டும். இன்று ராத்திரியே எழுதிடுங்க!