கரும்பலகையிலிருந்து கம்ப்யூட்டருக்கு: விசிகால்க் பிறந்த கதை

போன மாசம் ஒரு குடோன் சூப்பர்வைசர்கிட்ட நாங்க எழுதின ஆப்பைக் காட்டினேன். நாலு மாச உழைப்பு. ரெண்டு நிமிஷம் தட்டிப் பார்த்துட்டு, "தம்பி, லோடு இறங்குறப்ப என் ஒரு கையில டெலிவரி சலான் இருக்கும். இதுக்கு ரெண்டு கை வேணுமே?"ன்னு கேட்டார். நாங்க பக்கம் பக்கமா எழுதின ரிக்வயர்மென்ட்ல அந்த ஒரு வரி இல்லை. அவர் எதையும் மறைக்கலை. ஆப்பைக் கையில வாங்குற வரைக்கும் அது அவருக்கே தோணலை.

அன்னைக்கு ராத்திரி எனக்கு ஞாபகம் வந்த கதைதான் இந்த எபிசோடு.

1978. பாஸ்டன்ல இருக்கிற ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல்ல டான் பிரிக்லின் எம்.பி.ஏ. படிச்சிட்டிருந்தார். அதுக்கு முன்னாடி டெக் கம்பெனியில வேர்டு பிராசசிங் மென்பொருள் எழுதினவர். வகுப்புல ஒரு கம்பெனியோட வரவு செலவைக் கட்டம் கட்டமா போடுவாங்க. ஒரு எண்ணை மாத்தினா, அதை நம்பியிருக்கிற எல்லா எண்ணையும் அழிச்சுட்டு மறுபடி கணக்குப் போடணும். இந்தத் தலைவலி மேனேஜர்களுக்கு நல்லாத் தெரியும். ஆனா அதைக் கம்ப்யூட்டர்கிட்ட கொடுக்கலாம்னு யோசிக்க, ரெண்டு பக்கமும் பழகின ஒருத்தர் தேவைப்பட்டார்.

அவரோட முதல் கற்பனை ரொம்பப் பெருசு. கால்குலேட்டருக்கு அடியில மவுஸ் மாதிரி உருளுற ஒரு பந்து, போர் விமானத்துல இருக்கிற மாதிரி கண்ணு முன்னாடி மிதக்குற எண்கள்! அதையே ஸ்பெக்கா எழுதிக் கொடுத்திருந்தா, கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். அவர் செஞ்சது வேற. ஒரு ஆப்பிள் 2 கம்ப்யூட்டரை இரவல் வாங்கி, ஒரே வார இறுதியில பேசிக் மொழியில ஒரு புரோட்டோடைப் எழுதினார். மவுஸுக்குப் பதிலா வீடியோ கேம் பேடில். அது சரியா நிக்கலை. அதனால அம்புக்குறி விசைக்கு மாறினார். அந்தக் கீபோர்டுல இடம், வலம்னு ரெண்டு அம்புதான். மேல கீழ போக ஸ்பேஸ் பாரைத் தட்டித் திசை மாத்திக்கணும். எந்தக் கட்டம்னு சொல்ல, மேப்ல இருக்கிற மாதிரி ஒரு எழுத்து, ஒரு எண். இன்னைக்கும் நாம எக்செல்ல ஏ1, பி2ன்னுதானே எழுதுறோம்!

அந்தப் புரோட்டோடைப்பை வச்சுக்கிட்டு, நண்பர் பாப் பிராங்ஸ்டன் நிஜ புரோகிராமை அசெம்பிளியில எழுதினார். முழுசா முடியுறதுக்கு முன்னாடியே பிரிக்லின் அதுல தன் வகுப்புக்கான பெப்சி கேஸ் ஸ்டடியைப் போட்டுப் பார்த்தார். 1979 அக்டோபர்ல விசிகால்க் விற்பனைக்கு வந்துச்சு. அதுக்காகவே ஆப்பிள் 2 வாங்கினவங்க உண்டு.

ஜெயிச்சது ரொம்ப நாள் நிலைக்கலை. 1983-ல ஐபிஎம் பிசிக்காக வந்த லோட்டஸ் 1-2-3 முந்திடுச்சு. 1985-ல பிரிக்லினோட கம்பெனியையே லோட்டஸ் வாங்கிடுச்சு. அதுக்கப்புறம் அவர் என்ன எழுதினார் தெரியுமா? 'டெமோ'ன்னு ஒரு மென்பொருள். கோடு எழுதாமலே ஒரு புரோகிராமோட திரைகளை வரைஞ்சு, ஓட்டிக் காட்டலாம். தனக்கு எது உதவுச்சோ, அதையே மத்தவங்களுக்கும் கருவியாக்கிட்டார்.

திங்கட்கிழமை நான் மறுபடி குடோனுக்குப் போறேன். லேப்டாப் இல்லை. போன் சைஸுக்கு வெட்டின அட்டையில அஞ்சு திரை வரைஞ்சு வச்சிருக்கேன். லோடு இறங்குற நேரத்துல அதை அவர் கையில கொடுத்துட்டு, ஒண்ணும் பேசாம பக்கத்துல நிக்கப் போறேன்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.