குவாசாரின் ஒளியில் மறைந்த விண்மீன் மண்டலங்கள்: அகச்சிவப்பு ஆய்வுகளும் கொல்கத்தாவின் பங்கும்

கொல்கத்தா: குவாசார் எனப்படும் விண்பொருள், தான் அமைந்துள்ள விண்மீன் மண்டலத்தையே தனது பேரொளியால் மறைத்துவிடும் இயல்புடையது. அந்த ஒளியை விலக்கி, அதன் பின்னுள்ள விண்மீன்களைக் காண அகச்சிவப்புக் கதிர்கள் வழிவகுத்துள்ளன. பிரபஞ்சத்தின் இளமைக் காலத்தில் முதலில் வளர்ந்தது கருந்துளையா, விண்மீன் மண்டலமா என்ற வினாவுக்கு இதன் மூலம் விடை தேடப்படுகிறது. இந்த ஆய்வுகளின் அடித்தளத்தில் கொல்கத்தாவில் உருவான மூன்று கண்டுபிடிப்புகளும் உள்ளன.

குவாசார் என்பது என்ன?

பெரிய விண்மீன் மண்டலங்களின் மையத்தில், சூரியனைப் போலப் பல லட்சம் முதல் பல நூறு கோடி மடங்கு வரை நிறை கொண்ட கருந்துளைகள் உள்ளன. அவற்றை நோக்கிச் சுழன்று விழும் வாயு கடுமையாக வெப்பமடைந்து ஒளிர்கிறது. இவ்வாறு மிகுந்த ஆற்றலுடன் ஒளிரும் மையமே குவாசார் ஆகும்.

வானில் சாதாரண விண்மீனைப் போல ஒரு புள்ளியாகத் தெரிந்த 3சி 273 என்ற பொருள், உண்மையில் 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ளது என்பதை வானியலாளர் மார்டன் ஷ்மிட் 1963-இல் கண்டறிந்தார். அத்தனை தொலைவிலிருந்தும் தெரியும் அளவுக்கு அதன் ஒளி வலிமையானது. அந்த ஒளியே அதைச் சுற்றியுள்ள விண்மீன்களைக் காணத் தடையாகவும் அமைந்தது.

அகச்சிவப்பு எவ்வாறு உதவுகிறது?

குவாசாரின் ஒளி நீல நிறத்திலும் புற ஊதாக் கதிர்களிலும் மிகுதியாக உள்ளது. விண்மீன் மண்டலத்தின் நிறையில் பெரும்பகுதியைக் கொண்ட முதிய விண்மீன்களோ சிவப்பிலும் அண்மை அகச்சிவப்பிலும் கூடுதலாக ஒளிர்கின்றன. எனவே அகச்சிவப்பில் பார்க்கும்போது இரண்டுக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைகிறது. தூசு மேகங்களையும் அகச்சிவப்புக் கதிர்கள் எளிதில் கடந்து வருகின்றன.

மூன்றாவது காரணம் பிரபஞ்சத்தின் விரிவாக்கம். மிகத் தொலைவிலிருந்து புறப்பட்ட கண்ணுறு ஒளி, நம்மை வந்தடையும்போது அலைநீளம் நீண்டு அகச்சிவப்பாக மாறிவிடுகிறது. இது செம்பெயர்ச்சி எனப்படும்.

ஜேம்ஸ் வெப் காட்டிய உண்மை

2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 6.5 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்டது. இதன் அகச்சிவப்புக் கேமரா, ஏறத்தாழ 1,290 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஒளியை வெளியிட்ட இரண்டு குவாசார்களைப் படம்பிடித்தது. தனி விண்மீன் ஒன்றின் ஒளி கேமராவில் எவ்வாறு பரவுகிறது என்பதை அளந்து, குவாசாரின் ஒளியை அதற்கேற்பக் கழித்தபோது, எஞ்சிய மங்கலான ஒளியில் விண்மீன் மண்டலங்கள் தென்பட்டன.

2023-இல் நேச்சர் இதழில் வெளியான முடிவுகளின்படி, அவற்றின் விண்மீன்களின் நிறை முறையே சுமார் 13,000 கோடி சூரியன்களுக்கும் 3,400 கோடி சூரியன்களுக்கும் சமமாகும். கருந்துளைகளின் நிறை முறையே 140 கோடி, 20 கோடி சூரியன்களுக்குச் சமமாகும். நமக்கு அருகிலுள்ள விண்மீன் மண்டலங்களில் காணப்படும் விகிதத்தோடு இது பெரிதும் ஒத்துப்போகிறது. எனினும், வேறு சில தொலைதூரக் குவாசார்களில் விண்மீன் மண்டலத்தை விஞ்சும் வேகத்தில் கருந்துளை வளர்ந்திருப்பதற்கான அறிகுறிகள் கிடைத்துள்ளதால், இந்த விவாதம் இன்னும் முடிவடையவில்லை.

கொல்கத்தாவின் பங்கு

பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜகதீஷ் சந்திர போஸ், கலினா எனப்படும் ஈயத் தாதுப் படிகத்தைக் கொண்டு மின்காந்த அலைகளையும் ஒளியையும் உணரும் கருவியை உருவாக்கினார். 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற இக்கருவி, குறைக்கடத்தியைப் பயன்படுத்திய முன்னோடிச் சாதனமாகக் கருதப்படுகிறது. இன்றைய அகச்சிவப்புக் கேமராக்களின் உணரிகளும் குறைக்கடத்திகளால் ஆனவையே.

மேகநாத் சாகா 1920-இல் வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாடு, விண்மீனின் வெப்பநிலைக்கும் அதன் நிறமாலையில் தோன்றும் கோடுகளுக்கும் உள்ள தொடர்பை விளக்கியது. மேற்கூறிய இரு குவாசார்களில் ஒன்றின் விண்மீன் மண்டலத்தில், ஹைட்ரஜன் ஒளியை உறிஞ்சியதால் ஏற்பட்ட கோடுகளை வெப் தொலைநோக்கி பின்னர் பதிவு செய்தது. அங்குப் புதிய விண்மீன்கள் பிறப்பது வெகுவாகக் குறைந்துவிட்டதை அக்கோடுகள் உணர்த்துகின்றன. குவாசாரின் ஆற்றலே இதற்குக் காரணமா என்பது ஆராயப்பட்டு வருகிறது.

அமல் குமார் ராய்சௌத்ரி 1955-இல் வெளியிட்ட சமன்பாடு, ஈர்ப்புவிசையால் பருப்பொருள் எவ்வாறு ஒருங்குகிறது என்பதை விவரிக்கிறது. ரோஜர் பென்ரோஸ், ஸ்டீபன் ஹாக்கிங் ஆகியோரின் தேற்றங்களுக்கு இது அடிப்படையாக அமைந்தது. கருந்துளை ஆய்வுக்காகப் பென்ரோஸ் 2020-இல் நோபல் பரிசு பெற்றார். அதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே, 2005-இல், ராய்சௌத்ரி கொல்கத்தாவில் காலமானார்.

தொலைநோக்கிகள் மலைகளில் இருப்பது ஏன்?

காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சிவிடும். கடல் மட்டத்தை ஒட்டிய, ஈரப்பதம் மிகுந்த கொல்கத்தா இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற இடமன்று. இதனால் ராஜஸ்தானின் மவுண்ட் அபுவில் 1.2 மீட்டர், லடாக்கின் ஹான்லேயில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர், உத்தராகண்டின் தேவஸ்தலில் 3.6 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கிகள் நிறுவப்பட்டுள்ளன.

வெப் தொலைநோக்கியின் தரவுகள், குறிப்பிட்ட காலத்திற்குப் பின் அனைவருக்கும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. வானம் தெளிவற்ற நகரில் பயிலும் மாணவரும் அவற்றைப் பெற்று இத்தகைய ஆய்வில் ஈடுபட முடியும் என்பது குறிப்பிடத்தக்கது.