அடுப்பின் சூடு யார் கையில்?

அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் காய்ச்சும் ஆக்களின் பின்வளவுகளில் ஓர் இரும்புச் சட்டகம் நிற்கும். பெரும்பாலும் தாங்களே வெல்டிங் பண்ணிச் செய்தது. அதன்மேல் மூன்று பெரிய பாத்திரங்கள். பல இடங்களில் அவை மேல்பக்கம் வெட்டியெடுத்த பழைய பியர் பீப்பாய்கள். கீழே காஸ் பேர்னர்கள். ஒன்றில் தண்ணீர் சூடாகும், ஒன்றில் பார்லி ஊறும், மற்றதில் சாறு கொதிக்கும். பார்த்தால் எங்கட கலியாண வீட்டு அடுப்பு மாதிரித்தான். ஆனால் அந்த அடுப்பின் சூட்டை அடக்குவதற்குப் பின்னால் சில நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

முதலில் பிரச்சினையைப் பார்ப்பம். முளைக்கவைத்து உலர்த்திய பார்லியை உடைத்துச் சுடுதண்ணீரில் ஊறவிட்டால், அதிலுள்ள நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாக மாற்றும். இது நன்றாக நடப்பது ஏறக்குறைய 62 முதல் 70 பாகை செல்சியஸ் வரைதான். கீழ்ப்பக்கமாக நின்றால் மதுவம் முழுதாகத் தின்னக்கூடிய சீனி கூடும்; பியர் இனிப்புக் குறைந்து லேசாக வரும். மேல்பக்கமாகப் போனால் தின்னமுடியாத சீனி மிஞ்சி பியர் தடிப்பாகும். இன்னும் ஏறினால் நொதியங்களே செயலிழந்துவிடும். ஆக, ஐந்தாறு பாகை பியரின் குணத்தையே மாற்றும்.

வெப்பமானி இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? இங்கிலாந்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுவார்கள். ஆவி விலகி, தண்ணீரில் தன் முகம் தெரியும்போது பார்லியைப் போடுவார்கள். ஜேர்மன், பொஹீமியப் பக்கங்களில் இன்னொரு வழி: ஊறும் பார்லியில் ஒரு பங்கை எடுத்துத் தனியே கொதிக்கவைத்துத் திரும்ப ஊற்றுவது. முழுப் பாத்திரமும் அதற்கேற்ற அளவு சூடேறும். கொதிநிலை எப்பவும் ஒன்றுதான் என்பதால், எவ்வளவு எடுக்கிறோம் என்பதே அளவுகோல். 1842 இல் பில்சென் நகரில் யோசெப் குரோல் காய்ச்சிய புகழ்பெற்ற வெளிர்நிறப் பியரும் இந்த முறைதான். அங்கே இன்றைக்கும் மூன்று முறை இப்படிக் கொதிக்க வைக்கிறார்கள்.

பாகு காய்ச்சுகிற ஆக்கள் இதைத்தான் பதம் என்பார்கள். இங்கிலாந்தில் இந்தப் பதம் நீண்டகாலம் பெண்களிடம் இருந்தது. 1300 அளவில் அங்கே விற்பனைக்கு 'ஏல்' காய்ச்சியவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். 1600 அளவில் அந்தத் தொழில் பெரும்பாலும் ஆண்களின் கையில். அந்தப் பெண்களின் பெயர்கள் எங்களுக்கு எங்கே கிடைக்கின்றன தெரியுமோ? உள்ளூர் நீதிமன்றங்களின் தண்டப்பணப் பட்டியல்களில். என்ன தண்டம் கட்டினார்கள் என்பது பதிவாயிருக்கு. சூட்டை எப்படிப் பார்த்தார்கள் என்பதை ஒருத்தரும் அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கவில்லை.

எழுதியவர் வேறொருவர். 1714 இல் பரனைற் இரச வெப்பமானியைச் செய்தார். 1758 இல் மைக்கேல் கொம்புரூன் என்ற லண்டன் பியர்க்காரர் வெப்பமானியை வைத்துக் காய்ச்சுவது பற்றிப் புத்தகம் வெளியிட்டார். 1762 இல் அதை விரித்து இன்னொன்று. எல்லாரும் உடனே கைதட்டவில்லை. ஹம்ப்ஷயரைச் சேர்ந்த ஜேம்ஸ் பாவர்ஸ்ரொக், புதுமை பிடிக்காத தகப்பனுக்குத் தெரியாமல் ஒளித்துத்தான் வெப்பமானி பாவித்தார்.

சூடு இலக்கமானதும் பெரிய ஆலைகளுக்கு வசதி. நேற்றைய பியரை இன்றைக்கும் அதே மாதிரிக் காய்ச்சலாம். அனுபவசாலி ஒருவரின் கண்ணை முழுதாக நம்பியிருக்கத் தேவையில்லை. ஆனால் இலக்கத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: அது ஆலைக்குள் அடங்கிக் கிடக்காது.

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 இல் முடிந்தபோது வீட்டில் வைன் செய்ய விட்டார்கள், பியருக்கு விடவில்லை. 1978 ஒக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான், 1979 பெப்ரவரியிலிருந்து, அந்தத் தடையை நீக்கியது. பெரியவர் ஒருவர் உள்ள வீட்டுக்கு வருடம் 100 கலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை மறுத்தே நின்றன. இடையில் 1984 இல் வந்த சார்லி பப்பாசியனின் புத்தகம் பலரை அடுப்படிக்குக் கொண்டுவந்தது.

இப்ப அந்தச் சட்டகத்துக்குத் திரும்புவம். கையில் வெப்பமானி இருக்கு. ஆனாலும் வேலை முடியவில்லை. பேர்னரை நிறுத்தினாலும் சூடேறிய பாத்திரமும் தாங்கியும் கொஞ்ச நேரம் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்த வேண்டும். பார்லிக்குக் கீழே தீயைக் கூட்டினால் அடிப்பிடிக்கும். கிண்டவேண்டும், அல்லது சாற்றைப் பம்பால் சுற்றவிடவேண்டும். சுவாலை மஞ்சளானால் காற்றுப் போதவில்லை, கரி படியும். காற்றுத் துவாரத்தைத் திறக்கவேண்டும். சாறு கொதிக்கத் தொடங்கும்போது நுரை பொங்கும். வால்வில் கை இருக்கவேண்டும். இதெல்லாம் வெளியில்தான். பூட்டிய அறைக்குள் காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும்.

கைப்பழக்கம் போய்க் கருவி வந்தது என்று நேர்கோட்டில் படித்துவிட்டுப் போவது எங்களுக்குச் சுலபம். இந்த அடுப்பு அப்படிச் சொல்லவில்லை. இலக்கத்தைப் பார்க்கிற அதே ஆள் சுவாலையின் நிறத்தையும் நுரையின் உயரத்தையும் பார்த்துக்கொண்டே நிற்கிறார். ஒன்று புத்தகத்தில் ஏறி 'அறிவு' ஆனது. மற்றது தண்டப்பணப் பட்டியலுக்குப் பின்னால் மறைந்துபோனது. வரலாறு படிக்கிற நாங்கள் அந்தப் பட்டியலை வாசிக்கும்போது, தண்டம் கட்டினவளுக்கு என்ன தெரிந்திருந்தது என்றும் கேட்கவேண்டும்.