தமிழில் எழுத மடிக்கணினியின் விசைப்பலகையை மாற்ற வேண்டுமா?

டெங்கில் – புத்ராஜெயா உருவானபோது பெராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்களிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, டெங்கில் தாமான் பெர்மாத்தாவில் வாழ்கின்றன. பக்கத்திலேயே சைபர்ஜெயா. ஆனால், தோட்டப்புறத்திலும் சரி, பட்டணத்திலும் சரி, பிள்ளைகளின் படிப்புக்குப் பலர் வாங்குவது பயன்படுத்திய மடிக்கணினியைத்தான். அதில் தமிழ் எழுத்து எதுவும் இருக்காது. ஜப்பானிலிருந்து வந்த பழைய கணினி என்றால், விசைகளில் ஜப்பானிய எழுத்துகளும் சேர்ந்திருக்கும். தமிழில் எழுத வேண்டுமானால் விசைப்பலகையையே மாற்ற வேண்டும் என்று நினைத்துச் செலவுக்குத் தயாராகிறவர்களும் உண்டு.

பெரும்பாலும் அந்தச் செலவு தேவையில்லை.

எழுத்து எங்கே இருக்கிறது?

பழைய தட்டச்சுப் பொறியில் எழுத்து உலோகத்தில் வார்க்கப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் பணியாற்றிய ரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய காலத்தில், மொழியை மாற்ற வேண்டும் என்றால் பொறியையே மாற்ற வேண்டும்.

கணினி அப்படியல்ல. ஒரு விசையை அழுத்தும்போது விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. ‘இந்த இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது’ என்ற எண்ணை மட்டுமே அனுப்புகிறது. அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை இயங்குதளம் முடிவு செய்கிறது. விசையின் மேல் அச்சிட்டிருப்பது நம் கண்ணுக்கான அடையாளம் மட்டுமே. ஆகவே, விசைப்பலகையை மாற்றினாலும் அமைப்பை மாற்றாவிட்டால் தமிழ் வராது. அமைப்பை மாற்றினால், இருக்கிற விசைப்பலகையிலேயே தமிழ் வரும்.

எந்த முறை?

மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கினார். ஆங்கில எழுத்தின் ஒலியைக் கொண்டு தமிழ் எழுதும் ‘அஞ்சல்’ முறை நம் நாட்டில் பரவலாக அறியப்பட்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து, ‘தமிழ்99’ விசைமுறையைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது.

தமிழ்99இல் 12 உயிரெழுத்துகளும் இடக்கைப் பக்கம் உள்ளன. மெய்யெழுத்துகளில் வ, ங தவிர மற்றவை வலக்கைக்கு. ஆய்தத்தையும் சேர்த்து 31 விசைகளில் 247 எழுத்துகளும் அடங்கிவிடும். ‘டெங்கில்’ என்று எழுத ட, எ, ங, க, இ, ல, ஃ என ஏழு விசைகள் போதும். ங-வை அடுத்துக் க வந்தால் புள்ளி தானாக விழும். கடைசி ல-வுக்கு மட்டும் ஆய்த விசையைத் தட்ட வேண்டும்.

ஆங்கிலத் தட்டச்சில் பழகிய பெரியவர்களுக்கு அஞ்சல் எளிது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கோ தமிழ்99 பொருத்தம். தமிழ்ச் சொல்லை முதலில் ஆங்கில எழுத்தாக மாற்றி யோசிக்க வேண்டியதில்லை. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவது என்று வகுப்பில் படித்த இலக்கணமே விரலில் பழகும். கைப்பேசியில் செல்லினம் செயலியிலும் இந்த இரண்டு முறைகளும் உள்ளன. ஒன்றில் பழகினால் மற்றதில் கைகொடுக்கும்.

அமைப்பது எப்படி?

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று, நேரம் மற்றும் மொழிக்கான பிரிவில் தமிழைச் சேர்க்கவும். பிறகு தமிழுக்குரிய விருப்பங்களைத் திறந்து, தமிழ்99 அல்லது அஞ்சல் விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கவும். இந்த இரண்டாவது படியை விட்டுவிட்டால், தமிழ் வந்தாலும் எதிர்பார்க்காத எழுத்து வரக்கூடும். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறும்.

மேக் கணினியில் விசைப்பலகை அமைப்பிலுள்ள உள்ளீட்டுப் பட்டியலில் இரண்டு முறைகளும் உண்டு. குரோம்புக்கிலும் தமிழ்99 கிடைக்கும். கடவுச்சொல்லைத் தட்டும்போது மட்டும் ஆங்கிலத்துக்கு மாறியிருப்பதை உறுதி செய்துகொள்ளவும்.

விசையில் தமிழ் தெரிய வேண்டும் என்றால், இணையக் கடைகளில் தமிழ் ஒட்டிகள் கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன் அவை தமிழ்99க்குரியவையா என்று படத்தில் பார்க்கவும். வேறு முறைக்கான ஒட்டிகளும் விற்கப்படுகின்றன. விசை வரைபடத்தைத் தாளில் அச்சிட்டுத் திரைக்கு அருகில் ஒட்டிப் பழகினாலும் போதும்.

எப்போது மாற்றலாம்?

தண்ணீர் கொட்டி விசைகள் வேலை செய்யாவிட்டால் மாற்றத்தான் வேண்டும். ஜப்பானிய விசைப்பலகையில் இடைவெளி விசை குட்டையாக இருக்கும், குறிகளும் இடம் மாறியிருக்கும். தமிழ்99இல் ‘ச’ இருக்கும் இடத்தில் மின்னஞ்சல் முகவரியில் வரும் ‘அட்’ குறி அச்சிடப்பட்டிருக்கும். அழுத்தினால் ‘ச’ சரியாகவே வரும். அது கண்ணை உறுத்துகிறது, குட்டையான இடைவெளி விசை கைக்குப் பழகவில்லை என்றால் மட்டும் மாற்றுவதை யோசிக்கலாம்.

கடைக்குப் போகுமுன் மூன்றைக் கவனிக்கவும். ஒன்று, கணினியின் மாடல் எண்ணும், முடிந்தால் பழைய விசைப்பலகையின் பின்புறமுள்ள பாக எண்ணும். ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களுக்குக்கூட விசைப்பலகை பொருந்தாமல் போகலாம். இரண்டு, விசைப்பலகை தனியாகக் கழலுமா என்பது. பழைய மாடல்கள் பலவற்றில் திருகாணிகளைக் கழற்றி எடுக்கலாம். மெலிந்த புதிய மாடல்கள் பலவற்றில் அது மேல்பலகையோடு அறையப்பட்டிருக்கும், அதனால் கூலியும் கூடும். மூன்று, விசைகளுக்கு அடியில் விளக்கு உள்ள மாடலா என்பது. அதற்கெனத் தனி இணைப்பு நாடா இருக்கும்.

வீட்டிலேயே கழற்றுகிறவர்கள் கணினியை அணைத்து, பேட்டரியின் இணைப்பையும் துண்டித்த பிறகே தொட வேண்டும். நாடாவை இழுக்கக் கூடாது. அதைப் பிடித்திருக்கும் சிறிய பூட்டைத் திறந்தால் தானாகக் கழன்று வரும்.

புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவுக்குப் போவதாக இருந்தாலும், அக்கம்பக்கத்துக் கடைக்குப் போவதாக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் வீட்டில் தமிழ்99ஐ அமைத்து ஒரு வாரம் எழுதிப் பார்க்கலாம். பிள்ளையின் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதத் தொடங்கினாலே கை பழகிவிடும். அதன் பிறகும் விசைப்பலகை தொல்லை தந்தால், அப்போது கடைக்குப் போகலாம்.