ரோக் வகை விளையாட்டுகளில் அறியாப் பொருள்களை இனங்காணல்

இனங்காணல் என்பது, நிலவறையை மையமாகக் கொண்ட கணினி விளையாட்டுகளில், கண்டெடுத்த பொருளின் பயனை விளையாடுபவரே கண்டறியும் முறை ஆகும். கையில் உள்ள குப்பி காயத்தை ஆற்றுமா, பார்வையைப் பறிக்குமா என்பது தொடக்கத்தில் தெரியாது. இம்முறையைப் பரவலாக்கியது ரோக் என்னும் விளையாட்டாகும்.

தோற்றம்

1980ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழக மாணவர்களான மைக்கேல் டாய், கிளென் விச்மன் ஆகியோர் ரோக்கை உருவாக்கினர். பின்னர் பெர்க்லியில் கென் அர்னால்டும் இதில் இணைந்தார். யுனிக்சின் பி.எஸ்.டி. பதிப்புடன் சேர்ந்து இது பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது.

அக்காலச் சாகச விளையாட்டுகளில் புதிர்களின் விடை மாறாது. ஒருமுறை முடித்தால் மீண்டும் ஆடச் சுவை இராது. உருவாக்கியவர்களுக்கே வியப்பளிக்கும் விளையாட்டாக ரோக் அமைய வேண்டும் என அவர்கள் விரும்பினர். ஆகவே நிலவறையின் அமைப்பு ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கப்பட்டது. பொருள்களின் தோற்றமும் அவ்வாறே மாற்றப்பட்டது. மருந்துகள் நிறத்தாலும், சுருள்கள் பொருளற்ற சொற்களாலும், மோதிரங்கள் பதித்த கல்லாலும், மந்திரக்கோல்கள் மரம் அல்லது உலோகத்தின் பெயராலும் குறிக்கப்பட்டன. ஓர் ஆட்டத்தில் நீல மருந்து வலிமை தந்தால், அடுத்த ஆட்டத்தில் அதுவே நஞ்சாக இருக்கலாம்.

இதில் பாத்திரம் இறந்தால் ஆட்டம் முதலிலிருந்தே தொடங்கும். எனவே அறியாத மருந்தைக் குடிப்பது உண்மையான துணிவுச் செயல். குடிக்காமல் சேர்த்து வைப்பதும் ஆபத்தே. உயிர்காக்கும் மருந்து பையில் இருந்தும் அது தெரியாமல் இறக்க நேரிடும்.

நெட்ஹேக்கில் சோதனை வழிகள்

1987இல் வெளிவந்த நெட்ஹேக், பயன்படுத்திப் பார்க்காமலே ஊகிக்கப் பல வழிகளைத் தந்தது.

விலை: கடைக்காரர் கூறும் விலையிலிருந்து பொருளின் அடிப்படை விலையைக் கணிக்கலாம். அடிப்படை விலை 20 ஆக உள்ள சுருள் ஒன்றே ஒன்றுதான். அதுவே இனங்காணும் சுருள்.

பலிபீடம்: பொருளை அதன்மேல் வைத்தால், சாபமுற்றதற்குக் கருப்பு ஒளியும், ஆசி பெற்றதற்கு மஞ்சள் ஒளியும் தோன்றும்.

வளர்ப்பு விலங்கு: சாபமுற்ற பொருள் கிடக்கும் இடத்தில் அது தயங்கியே கால் வைக்கும்.

எழுதுதல்: மந்திரக்கோலால் தரையில் எழுதினால், நெருப்புக்கோல் எழுத்தைச் சுட்டுப் பதிக்கும், மின்னல்கோல் கண்களைக் கூசச் செய்து பார்வையைப் பறிக்கும்.

உரைகல்: நம் பொற்கொல்லர்கள் பொன்னை உரைத்துப் பார்ப்பது போல, இங்கு மணிக்கற்களை உரைத்துப் பார்க்கலாம். தொல்லியலாளர் பாத்திரத்துக்குச் சாதாரண உரைகல்லே போதும். பெரும்பாலான பாத்திரங்களுக்கு ஆசி பெற்ற உரைகல் தேவை.

பிற்கால மாற்றங்கள்

1996ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த டயாப்லோவில், டெக்கார்ட் கெயின் என்னும் முதியவர் 100 பொற்காசு பெற்றுக்கொண்டு பொருளை இனங்கண்டு தருவார். சோதனையும் ஊகமும் இருந்த இடத்தில் கட்டணம் வந்தது. முறை எளிதாயிற்று; ஆனால் விளையாடுபவர் சிந்திக்க வேண்டிய தேவை குறைந்தது. 2009இல் வெளிவந்த புரோக் பழைய வழிக்கே திரும்பியது. அதில் தீய மருந்து எனத் தெரிந்ததைக் குடிக்காமல் பகைவர் மீது எறியலாம். தவறான கண்டுபிடிப்பும் இவ்வாறு பயன்படுகிறது.

முக்கியத்துவம்

பொருள்களின் தோற்றம் ஆட்டந்தோறும் மாறுவதால், இவ்விளையாட்டில் நிறங்களை மனப்பாடம் செய்வது உதவாது. விலையை ஒப்பிடுதல், பாதுகாப்பான இடத்தில் சோதித்தல், விளைவைக் குறித்து வைத்தல் ஆகிய முறைகளே அடுத்த ஆட்டத்துக்கும் துணை வரும். பாத்திரம் இறந்தாலும் விளையாடுபவரிடம் எஞ்சுவது இந்த அறிவு மட்டுமே. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இம்முறை புதிய விளையாட்டுகளில் தொடர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.