அரண் காத்த ஆட்டக்காரர்

மதிலை வளைத்துத் தாக்குவது உழிஞை. உள்ளே நின்று அம்மதிலைக் காப்பது நொச்சி. காப்பவனுக்கும் ஒரு பெயரும் ஒரு பூவும் தந்து மதித்தது நம் இலக்கண மரபு. விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அம்மதிப்பை வழங்குவதில்லை. கோல் அடித்தவர் பெயர் நிலைக்கிறது. அடிக்க வந்தவரைத் தடுத்தவர் பெயர் மறுநாளே மறைகிறது. அதிலும் பெரிய குழுக்களில் இடம்பெறாது, கீழ்ப் பிரிவுகளிலேயே காலமெல்லாம் ஆடிய தற்காப்பு ஆட்டக்காரரை நினைப்பவர் யார்? ஆயினும் அத்தகைய ஒருவரின் பெயர் இங்கிலாந்தின் காற்பந்து வரலாற்றில் அழியாமல் பதிந்துள்ளது. அவர் சுவிண்டன் டவுன் குழுவின் ஜான் டிராலப்.

சுவிண்டன், வில்ட்ஷயர் மாவட்டத்தில் உள்ள நகரம். கிரேட் வெஸ்டர்ன் இரயில் நிறுவனம் அங்கே நிறுவிய பட்டறை 1843ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. இரயில் எஞ்சின்களைக் கட்டியும் பழுது பார்த்தும் வாழ்ந்த உழைப்பாளர்களால் வளர்ந்த ஊர் அது. அவ்வூருக்கு அருகிலுள்ள ராட்டன் என்னும் சிற்றூரில் 1943ஆம் ஆண்டு டிராலப் பிறந்தார்.

அந்நாளில் ஆங்கிலக் காற்பந்து லீக்கில் நான்கு பிரிவுகளும் 92 குழுக்களும் இருந்தன. முதற்பிரிவில் இடம்பெற்றவை புகழும் பொருளும் பெற்ற பெருநகரக் குழுக்கள். சுவிண்டனோ மூன்றாம் பிரிவில் இருந்தது. அதன் மேலாளர் பெர்ட் ஹெட், வெளியிலிருந்து விலைக்கு வாங்குவதைவிட இளைஞர்களை வளர்த்து ஆட்டக்காரர்களாக்குவதையே விரும்பினார். அவ்வாறு 1960ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஹாலிபாக்ஸ் டவுன் குழுவை எதிர்த்து டிராலப் முதன்முதலாகக் களமிறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது 17. ஏற்ற இடம் இடப்பக்கத் தற்காப்பு.

அந்த இடத்தை அவர் எவ்வாறு காத்தார் என்பதற்கு ஓர் எண்ணே சான்று. 1961ஆம் ஆண்டு முதல் 1968ஆம் ஆண்டு வரை, ஒன்றுகூட விடாமல், தொடர்ந்து 368 லீக் ஆட்டங்களில் அவர் ஆடினார். மழையில் சேறான திடலிலும் பனியில் இறுகிய தரையிலும் அவர் இடம் காலியாக இருந்ததில்லை. கை எலும்பு முறிந்த பிறகே அத்தொடர் அறுந்தது.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுதல் இயல்பு. டிராலப் ஒரே குழுவில் நிலைத்து நின்றது பற்றினாலா, கட்டினாலா? இக்கேள்விக்கு வரலாறு அறிந்தே விடை காண வேண்டும். 1961ஆம் ஆண்டு சனவரி வரை ஆட்டக்காரர் எவரும் வாரத்திற்கு 20 பவுண்டுக்கு மேல் ஊதியம் பெற இயலாது என்னும் விதி இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஒரு குழு தன் ஆட்டக்காரரை வேறிடம் செல்ல விடாமல் பிடித்து வைக்கலாம். இக்கொடுமையை எதிர்த்து ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்னும் ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், அவ்விதி தொழில் உரிமையை நியாயமின்றித் தடுக்கிறது என 1963ஆம் ஆண்டில் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்பளித்தார். ஒப்பந்தம் முடிந்தவர் தாமே விரும்பிய குழுவை நாடும் உரிமை 1978ஆம் ஆண்டில்தான் வந்தது.

ஆகவே, பழைய ஆட்டக்காரர் ஒரே குழுவில் இருந்ததையெல்லாம் பற்று என்று போற்றுதல் தவறு. பலரைக் கட்டி வைத்தது சட்டமே. எனினும் அக்காலத்திலும் வாயில் முழுவதும் அடைபட்டிருக்கவில்லை. சுவிண்டனில் டிராலப்புடன் வளர்ந்த மைக் சம்மர்பீ 1965ஆம் ஆண்டில் மான்செஸ்டர் சிட்டிக்குச் சென்றார். பின்னர் இங்கிலாந்து நாட்டுக் குழுவிலும் ஆடினார். எர்னி ஹண்ட் அதே ஆண்டில் உல்வர்ஹாம்ப்டன் சென்றார். தாக்குதல் வீரர்களைத் தேடிப் பெருங்குழுக்கள் வந்தன. அவர்கள் சென்றனர்; டிராலப் நின்றார்.

நின்றவருக்கும் ஒரு பொன்னாள் வாய்த்தது. 1969ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், வெம்பிளி அரங்கில் லீக் கிண்ண இறுதியாட்டம் நடைபெற்றது. மூன்றாம் பிரிவிலிருந்த சுவிண்டனை எதிர்த்து நின்றது முதற்பிரிவின் ஆர்சனல். பார்வையாளர் ஏறத்தாழ 98,000 பேர். ரோஜர் ஸ்மார்ட் சுவிண்டனுக்கு முதல் கோலைப் போட்டார். ஆட்டம் முடிய நான்கு நிமிடமே இருந்தபோது ஆர்சனலின் பாபி கூல்ட் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில், சேற்றில் கால் புதையும் அத்திடலில், டான் ராஜர்ஸ் இரண்டு கோல்களைப் போட்டார். 3–1 என்று சுவிண்டன் வென்றது. ராஜர்ஸின் பெயரை உலகம் பாடிற்று; அது தக்கதே. ஆயின் இரண்டு மணி நேரம் ஆர்சனலை ஒரே கோலுடன் நிறுத்திய காவல் இல்லையேல், அவ்விரண்டு கோல்களுக்கு வாய்ப்பு ஏது? அக்காவலின் இடப்பக்கத்தில் நின்றவர் டிராலப்.

வென்றவர்க்கு உரிய பரிசு முழுமையாகக் கிட்டவில்லை. லீக் கிண்ணத்தை வென்ற குழுவுக்கு ஐரோப்பியப் போட்டியொன்றில் இடமுண்டு. ஆனால் அது முதற்பிரிவுக் குழுவாக இருத்தல் வேண்டும் என்று விதி தடுத்தது. அதற்கு ஈடாக இத்தாலியக் குழுக்களுடன் ஆடும் வாய்ப்பு அமைக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டு நேப்பிள்சில் நடந்த ஆங்கில–இத்தாலியக் கிண்ண இறுதியாட்டத்தில் நாப்போலி குழுவைச் சுவிண்டன் 3–0 என்று முந்தி நின்றது. சினங்கொண்ட கூட்டம் பொருள்களை எறிந்து கலகம் செய்ததால் ஆட்டம் முடியுமுன்னரே நிறுத்தப்பட்டது. கிண்ணம் சுவிண்டனுக்கே உரியதாயிற்று.

அதன்பின் இறக்கம் வந்தது. ராஜர்ஸ் 1972ஆம் ஆண்டில் கிரிஸ்டல் பேலஸ் குழுவுக்குச் சென்றார். 1974ஆம் ஆண்டில் சுவிண்டன் மீண்டும் மூன்றாம் பிரிவில் வீழ்ந்தது. டிராலப் அப்பொழுதும் தம் இடத்தில் இருந்தார். 1978ஆம் ஆண்டில் அரசியார் வழங்கிய எம்.பி.ஈ. விருது அவரைத் தேடி வந்தது. ஆட்டத்தை விட்டு இளையோரைப் பயிற்றுவிக்கத் தொடங்கிய அவர், பின்னர் மீண்டும் களமிறங்கினார். 1980ஆம் ஆண்டில், தம் 37ஆம் வயதில், போர்ட்ஸ்மத் குழுவின் ஜிம்மி டிக்கின்சன் 764 லீக் ஆட்டங்களில் ஆடி நிறுவியிருந்த சாதனையைக் கடந்தார். ஒரே குழுவுக்காக அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 770.

அவ்வெண்ணின் பொருளை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்றாம் பிரிவில் ஒரு பருவத்திற்கு 46 ஆட்டங்கள். ஒன்றையும் விடாமல் ஏறத்தாழ 17 பருவங்கள் ஆடினால்தான் 770ஐ எட்ட முடியும்.

இக்கதை இன்பமாகவே முடிந்திருந்தால் நம் மனத்திற்கு நிறைவாக இருக்கும். ஆனால் வரலாறு நம் விருப்பப்படி நடப்பதில்லை. 1981ஆம் ஆண்டில் டிராலப் குழுவின் மேலாளரானார். மறு ஆண்டே சுவிண்டன் தன் வரலாற்றில் முதன்முறையாக நான்காம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. 1983ஆம் ஆண்டில் அவர் பதவி இழந்தார். இருபது ஆண்டுகள் மதிலைக் காத்தவருக்கு அரசாளும் பொறுப்பு கைகூடவில்லை. ஒரு பணியில் சிறந்தவர் மற்றொன்றிலும் சிறப்பார் என்பது உறுதியன்று. அத்தோல்வியால் முன்செய்த பணி சிறுமையடைவதும் இல்லை.

டிராலப் நாட்டுக் குழுவில் ஆடியவரல்லர். முதற்பிரிவில் ஓர் ஆட்டமும் ஆடியவரல்லர். வெற்றியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அவர் சிறியவர். ஆனால் ஒரு நிறுவனம் வாழ்வது அதன் உச்ச நாள்களால் மட்டுமன்று. கூட்டம் குறைந்த சனிக்கிழமைகளில், பயனொன்றும் பெரிதாக இல்லாத ஆட்டங்களிலும், தம் இடத்தை விட்டகலாமல் நிற்பவர்களாலேயே அது வாழ்கிறது. புகழுக்குரிய ஒரு நாள் எவர்க்கும் வாய்க்கலாம். 770 நாள்கள் தாமாக வாய்ப்பதில்லை. ஒவ்வொன்றாக உழைத்துச் சேர்க்கப்பட வேண்டியவை அவை.